வழியை அடைப்பதா, தீங்கைத் தடுப்பதா?



வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்னும் பெயர்களைக் கேட்டதும் தோலும் காலணியும் நினைவிற்கு வருதல் இயல்பு. கடல் கடந்த வணிகத்தால் வாழும் ஊர்கள் இவை. முன்னர்த் தபாலிலும் தந்தியிலும் நடந்த அவ்வணிகம் இன்று கணினி வழியே நடைபெறுகின்றது. புதிய காலணியின் வடிவமும் விலைப்பட்டியலும் போட்டியாளர் கண்ணிற்படாமல் உரியவரைச் சென்றடைய வேண்டும். அதற்குதவும் மறைவழிகளுள் ஒன்றே வி.பி.என். எனப்படும் மெய்நிகர் தனியார் வலையமைப்பு. இவ்வழியில் செய்தி மறைகுறியீடாக மாற்றப்பெற்று, வேறோர் இடத்துக் கணினி வாயிலாகச் செல்கின்றது. இடையில் நிற்பவர்க்கு ஏதோ செல்கின்றது என்பது தெரியும். அது யாது, எங்குச் சென்று முடிகின்றது என்பன தெரியா.

இத்திரைக்குள் வணிகர் மட்டுமன்றி மோசடிக்காரரும் மறைந்து கொள்ளலாம். அக்கவலையாலேயே 2021ஆம் ஆண்டில் நாடாளுமன்ற உள்துறை நிலைக்குழு வி.பி.என்.களை முடக்குமாறு பரிந்துரைத்தது. கவலை நியாயமானதே. எனினும் அரசு விரும்பினால் இதனைத் தடுத்துவிட இயலுமா என்பது ஆராயத்தக்கது.

இலங்கையில் 2022 ஏப்ரல் 3 அன்று, மக்கள் போராட்டத்தை அடக்கும் நோக்குடன் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. மக்களோ வி.பி.என். வழியே அவற்றை எட்டினர். அப்போது அமைச்சராயிருந்த நாமல் ராஜபக்சவே, தாமும் அவ்வழியைப் பயன்படுத்துவதாகவும் இத்தகைய தடை பயனற்றது என்றும் வெளிப்படையாக எழுதினார். அன்றே தடை நீங்கிற்று.

அதே மாதம் 28ஆம் நாள், இந்தியாவின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் ஓர் ஆணை பிறப்பித்தது. வி.பி.என். வழங்குவோர் வாடிக்கையாளரின் பெயர், முகவரி முதலியவற்றை 5 ஆண்டுகள் பாதுகாத்தல் வேண்டும் என்பது அதன் ஒரு கூறு. நிறுவனங்கள் தம் உள் அலுவலுக்கு வைத்துக்கொள்ளும் வி.பி.என்.களுக்கு இவ்விதி பொருந்தாது எனப் பின்னர் விளக்கப்பட்டது. எக்ஸ்பிரஸ், நார்டு, சர்ஃப்ஷார்க் ஆகிய நிறுவனங்கள் இந்தியாவிலிருந்த தம் கணினிகளை அகற்றிவிட்டு, வெளிநாட்டிலிருந்தபடியே சேவையைத் தொடர்ந்தன. கண்காணிக்க முனைந்த பொருள் கைக்கெட்டாத் தொலைவிற்குச் சென்றது.

நாட்டின் இணைய வாயில்களை எல்லாம் தன் காவலில் வைத்துள்ள சீனாவும், வணிக நிறுவனங்கட்கு உரிமம் பெற்ற வழிகளை விட்டுவைத்துள்ளது. முற்றாக அடைத்தால் வணிகமும் அடைபடும் என்பதே காரணம். எனவே அரசுகளால் இவ்வழியைக் கடினமாக்க இயலும், ஒழித்தல் அரிது.

அரிதானதை முயலும்போது சுமை எளியோர்மீது விழுகின்றது. 2025ஆம் ஆண்டில் ஜம்மு காஷ்மீரின் தோடா முதலிய மாவட்டங்களில் வி.பி.என். பயன்பாட்டிற்குத் தடை விதிக்கப்பட்டது. இத்தகைய தடையை முழுமையாகச் செயற்படுத்த முனைந்தால், ஒவ்வொருவர் கைப்பேசியையும் திறந்து பார்க்க நேரும். அப்போது குற்றவாளியும் மாணவனும் ஒரே வரிசையில் நிற்பர். பெருநிறுவனத்திற்கு விலக்கு உண்டு. தனி மனிதனுக்கு யாது உண்டு? இணைய வழிக் கருத்துரிமையும் தொழிலுரிமையும் அரசமைப்பின் பாதுகாப்பிற்கு உரியவை என்றும், கட்டுப்பாடு அளவறிந்து அமைதல் வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 2020 சனவரி 10 அன்று அனுராதா பசின் வழக்கில் தீர்ப்பளித்ததை இங்கு நினைத்தல் தகும்.

அளவறிந்த கட்டுப்பாடு எத்தகையது என்பதற்குப் பாலாற்றங்கரையிலேயே சான்று உண்டு. தோல் கழிவு ஆற்றையும் கிணறுகளையும் கெடுத்ததை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகத்து 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. தோல் தொழிலை அது தடை செய்யவில்லை. மாசுபடுத்தியவரே ஈடு செய்தல் வேண்டும் என்றது. ஆலை ஒவ்வொன்றிற்கும் 10,000 ரூபாய் தண்டம் விதித்தது. கழிவைச் சுத்திகரிக்காத ஆலை இயங்கலாகாது என்றது. பாலாற்றின் புண் இன்றும் முற்றாக ஆறவில்லை. ஆறாமைக்குக் காரணம் அந்நெறியின் குறையன்று, நடைமுறையின் தளர்ச்சியே.

கழிவு கண்ணுக்குத் தெரியும், மறைகுறியீடு தெரியாது. ஆயினும் மோசடி செய்தவன் பெற்ற பணம் ஏதேனும் ஒரு கணக்கில் வந்து சேரத்தான் வேண்டும். அத்தடத்தைப் பற்றி, நீதிமன்ற ஆணையுடன் குற்றவாளியைத் தேடுதல் அரசின் கடமை. தோலைத் தடை செய்யாமல் கழிவைத் தடுக்க முற்பட்ட மண்ணிற்கு இவ்வேறுபாடு புதிதன்று.