முகம் கழுவ ஒரு மாவு
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நாம் மருத்துவம் கற்றவரல்லோம். ஆயினும், நம் காலனி வீடுகள்தோறும் காணும் ஒரு சிறு துன்பத்தைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றோம்.

தில்லியில் மார்கழி பிறந்ததும் குழந்தைகளின் கன்னம் வெடிக்கின்றது. வறண்ட குளிர் ஒரு காரணம். சோப்பு மற்றொரு காரணம். நம் தோல் இயல்பிலேயே சற்றுப் புளிப்புத் தன்மை உடையது. சோப்போ காரத் தன்மை உடையது. அது அழுக்கோடு தோலின் எண்ணெய்ப் பசையையும் சேர்த்துக் களைந்துவிடுகின்றது. கடின நீராயின் தொல்லை இரட்டிப்பாகும். நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து சோப்புடன் கூடிக் கரையாத படிவமாகின்றது. வாளியின் விளிம்பில் வெள்ளையாகப் படிவது அதுவே.

இதற்கு மாற்று நம் பாட்டிமார் அறிந்த பயற்றமாவுதான். இவ்வூரார் கடலைமாவில் செய்யும் ‘உப்டன்’ அதற்கு உடன்பிறப்பு.

செய்முறை எளிது. பச்சைப் பயறு கால் கிலோ, கடலைப் பருப்பு 50 கிராம், நிழலில் உலர்த்திய ரோஜா இதழ் ஒரு கைப்பிடி, பூலாங்கிழங்கு சிறு துண்டு இரண்டு. இவற்றை வெயிலில் காயவைத்து, வீட்டு மிக்ஸியில் அரைத்து, மெல்லிய துணியில் இருமுறை சலித்தல் வேண்டும். கொரகொரப்பு இருப்பின் முகத்தைக் கீறும். கோதுமை அரைக்கும் சக்கியில் கொடுத்தால் வேறு மாவும் கலந்துவிடும். ஈரமற்ற புட்டியில் அடைத்து, ஒரு மாதத்திற்கு வேண்டிய அளவே செய்துகொள்க.

ஒரு தேக்கரண்டி மாவைக் குளிர்காலத்தில் பாலிலும், கோடையில் நீரிலும் குழைத்து, விரல் நுனியால் மெல்லத் தடவி, காயுமுன் கழுவிவிடுக. குழைத்ததை மறுநாளைக்கு வைத்தலாகாது, கெட்டுவிடும். முகத்தைத் துணியால் ஒற்றி, ஈரம் புலருமுன் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவுக. குளிரில் உறைந்த எண்ணெயும் உள்ளங்கைச் சூட்டில் உருகிவிடும்.

சில எச்சரிக்கைகள்: முதலில் முன்கையின் உட்புறத்தில் தடவி ஒருநாள் பார்த்தல் நலம். அரிப்புக் கண்டால் விட்டுவிடுக. வெடித்த தோலிலும், கரப்பான் உள்ள குழந்தைக்கும் எம்மாவும் வேண்டா, மருத்துவரைக் காண்க. எலுமிச்சைச் சாறும் சமையல் சோடாவும் முகத்திற்கு ஆகா. கார்போக அரிசி சேர்த்தால், வெயில் பட்ட இடம் புண்ணாகக் கூடும். மஞ்சள் வேண்டுவோர் கிழங்காகவே வாங்கிப் பொடித்தல் நன்று. கடைப்பொடியில் நிறத்திற்காக ஈயம் சேர்ந்த சாயம் கலப்பாரும் உளர்.

இறுதியாக ஒன்று. இதைப் பேச முன்வந்ததே அதன் பொருட்டுத்தான். பள்ளியில் நிறத்தைச் சொல்லிக் கேலி செய்யக் கேட்ட நம் பெண்மக்கள், வீடு வந்து முகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகின்றனர். வெளுப்பாக்கும் களிம்புகளையும் நாடுகின்றனர். அவற்றுள் சிலவற்றில் பாதரசம் இருந்தது சோதனைகளில் வெளிப்பட்டுள்ளது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு. தாய்மார்களே! பயற்றமாவு அழுக்கை நீக்கும், நிறத்தை மாற்றாது, மாற்றவும் வேண்டா. கருமை தரும் மெலனின் என்னும் பொருள், கதிரவனின் கொடுமையிலிருந்து உடலைக் காக்க இயற்கை அளித்த கவசம். மகளின் கையில் மாவைக் கொடுக்கும்போது, ‘வெள்ளையாவாய்’ என்று சொல்லாதீர்கள், ‘முகம் கழுவிக்கொண்டு வா, அம்மா, சாப்பிடலாம்’ என்று சொல்லுங்கள். அழுக்கு மாவோடு போகும். கேலியின் வடுவோ, வீட்டார் சொல்லும் அன்புச் சொல்லால்தான் ஆறும்.