செப்பனிடுவதா, விற்பதா?

அம்மையார்குப்பம் தறியொலி கேட்கும் ஊர். தறியின் அச்சு பழுதுபட்டால் அச்சை மாற்றுவோம். அதற்காகத் தறியை விற்பார் இலர். மரச்சட்டமே செல்லரித்துவிட்டாலோ வேறு வழி தேடுகிறோம். பழைய ஹாம் வானொலிக் கருவியொன்று பழுதானால், செப்பனிடுவதா, விற்றுவிடுவதா என்னும் கேள்விக்கும் இந்தப் பாகுபாட்டிலிருந்தே விடை தேட வேண்டும்.

ஹாம் கருவி, நம் வீட்டு வானொலிப் பெட்டியைப் போலக் கேட்பதற்கு மட்டும் அமைந்ததன்று. திரும்பப் பேசவும் வல்லது. ஆகவே, அரசினர் நடத்தும் தேர்வில் தேறி, உரிமமும் அழைப்புக்குறியும் பெற்றவரே அதனை இயக்கலாம். உரிமமின்றி வைத்திருப்பதையே 1933ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. 2023ஆம் ஆண்டுச் சட்டமும் அத்தடையைக் கைவிடவில்லை.

எடுத்துக்காட்டாக, 1970களில் ஜப்பானில் செய்யப்பட்டு உலகெங்கும் பரவிய யாயெசு எப்.டி. 101 என்னும் கருவியைக் கொள்வோம். பெரும்பகுதி டிரான்சிஸ்டர்களால் ஆனது; அலைபரப்பும் கடைசிக் கட்டங்களில் மட்டும் மூன்று வால்வுகள். கேட்கும்போது 'உம்' என்ற இரைச்சல் விடாது வருமாயின், பெரும்பாலும் மின்சாரம் வழங்கும் பகுதியிலுள்ள கண்டென்சர்கள் உலர்ந்திருக்கும். அவற்றை எளிதில் மாற்றலாம். கேட்பது நன்றாயிருந்து, நம் பேச்சு மட்டும் எட்டாமற் போனால், ரிலேயின் முனைகளில் அழுக்கு இருக்கலாம், வால்வுகள் தளர்ந்திருக்கலாம். அழுக்கைத் துடைத்துவிடலாம். வால்வின் செய்தி வேறு. இறுதியிலுள்ள 6ஜேஎஸ்6 என்னும் வகை, தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கென்று பிறந்தது. பழைய இருப்பில்தான் தேட வேண்டும். டிரான்ஸ்பார்மர் கருகிய வாடை வீசினாலோ, அது சட்டம் செல்லரித்த தறிதான்.

பழக்கமில்லாதவர் மூடியைத் திறத்தல் கூடாது. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் உள்ளே பல நூறு வோல்ட் தங்கியிருக்கக்கூடும், உயிருக்கே உலை.

கணவரை இழந்த அம்மையார் ஒருவர், அவர் விட்டுச்சென்ற இத்தகைய கருவியைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடலாமா என்று என்னை வினவினார். குறை, இரைச்சல் ஒன்றே. ஆயினும், செப்பனிடுமாறு சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் உரிமம் பெற்றவர் எவருமிலர். செலவு முழுதும் விலையில் திரும்புமென்றும் சொல்வதற்கில்லை. உரிமமுடைய ஒருவருக்கு உள்ளது உள்ளபடியே விற்கச் சொன்னேன். எடைக்குப் போடுவதை மட்டும் வன்மையாக மறுத்தேன்.

காரணம் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையில் அந்தமானின் தொலைபேசித் தொடர்பு அற்றுப்போயிற்று. ஹாம் ஒலிபரப்புக்கென முன்னரே போர்ட்பிளேர் சென்றிருந்த பாரதி பிரசாத் அம்மையாரும் குழுவினரும், தீவிலிருந்தோரின் செய்திகளைத் தம் கருவிகளால் கடல் கடந்து அனுப்பினர். கடையில் இரும்பாகக் கிடக்கும் கருவி அந்நாளில் எவருக்கு உதவும்?

கைமாறுவது இழிவுமன்று. சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியால் 1924இல் தோன்றிய சென்னை மாகாண வானொலிக் கழகம், 1927இல் பொருள் முட்டுப்பாட்டால் ஓய்ந்தது. அதன் அலைபரப்பி மாநகராட்சியின் கைக்குச் சென்றது. 1930 முதல் மாநகராட்சி ஒலிபரப்பு நடத்திற்று. 1938இல் சென்னை வானொலி நிலையம் பிறக்கும்வரை நகரத்தார் கேட்டது அந்த ஒலிபரப்பையே.

அந்த அம்மையாரின் கருவியோடு ஒரு தாளும் சென்றது. இரைச்சல் இருப்பதையும், கருவி நெடுநாள் இயக்கப்படாததையும் அதில் எழுதி, வாங்கியவரின் உரிம எண்ணையும் குறித்துக்கொண்டோம். விலை சற்றுக் குறைந்தது.