போயிட்டு வாறன்



1993 இல் வல்வெட்டித்துறையிலிருந்து புறப்பட்டபோது, படலையில் நின்ற அம்மாவிடம் வாய்தவறி "போறன்" என்றேன். "போயிட்டு வாறன் எண்டு சொல்லு" எனத் திருத்தினார். எங்களூர் கடலோடிகளின் ஊர். அங்கு கட்டிய 'அன்னபூரணி' பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம்வரை சென்றது. விடைபெறும் சொல்லில் எங்கள் பெண்கள் மிகக் கவனம்.

கிளாலியைப் படகில் கடந்து, கொழும்பு வழியாக ரோக்கியோ சேர்ந்து, மொழிப் பள்ளியொன்றில் மாணவனானேன். எனக்குத் தெரிந்த ஒரே யப்பானியச் சொல், இந்திப் படப் பாட்டொன்றில் கேட்ட 'சயோனரா'. முதல்நாள் காலை வீட்டுக்கார ஆச்சியிடம் அதையே கம்பீரமாகச் சொல்லிப் படியிறங்கினேன். அவர் பதறியடித்து வாசலுக்கு ஓடிவந்தார். நான் அறையை விட்டே போகிறேனென்று நினைத்துவிட்டாராம்! வெளியே போய்த் திரும்புபவர் வீட்டாருக்குச் 'சயோனரா' சொல்வதில்லை. "இத்தே கிமாஸ்" என்று சொல்லித்தந்தார்.

மாலையில் அகராதியைப் புரட்டினேன். 'இத்தே' என்றால் போய். 'கிமாஸ்' என்றால் வருகிறேன். வினையெச்சமும் வினைமுற்றும் நம் வரிசையிலேயே நின்றன. பேராசிரியர் சுசுமு ஓனோ, சண்முகதாஸ் தம்பதியருடன் ஆராய்ந்த தமிழ் யப்பானிய உறவை மொழியியலாளர் பலர் ஏற்கவில்லை. அந்த வழக்கைத் தீர்க்க நான் யார்? எனக்கு அன்று கேட்டது அம்மாவின் குரல்.

2002 இல் ஏ-9 பாதை திறந்த பின்பே ஊர் போகக் கிடைத்தது. படலையைத் திறந்ததும் என் வாய் தன்பாட்டில் "ததைமா" என்றது. வீடு திரும்புவோர் யப்பானில் சொல்லும் சொல் அது.

"என்னடா சொல்லுறாய்?" என்றார் அம்மா.

"வந்திட்டன், அம்மா" என்றேன்.