பிணியாளர் சினங்கொள்ளும்போது

(பொத்தேரியில் கூடிய சுற்றுவட்டாரப் பஞ்சாயத்து உறுப்பினர்கள், விவசாயிகள் முன்னிலையில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் விதையைப் பற்றியதன்று, உரத்தைப் பற்றியதுமன்று. வளர்ச்சி அலுவலருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். காலையில் பொத்தேரி இரயில் நிலையத்தில் சிறிது நேரம் நின்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். சுற்றியுள்ள ஊர்களின் பெண்கள் சோற்றுத் தூக்குடன் தாம்பரம், குரோம்பேட்டைப் பக்கம் செல்லும் மின்சார இரயிலில் ஏறுகிறார்கள். நாற்று நடவும் களையெடுப்பும் அறிந்த கைகள் இன்று பிறர் வீட்டு முதியோரைக் குளிப்பாட்டுகின்றன, உணவூட்டுகின்றன. 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும், மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்த பெண்களே வீடுதோறும் இரத்த அழுத்தம், நீரிழிவு மருந்துகளைக் கொண்டு சேர்க்கும் பணியை ஏற்றனர்.

இவர்கள் வெளியே சொல்லாத துன்பம் ஒன்றுண்டு. யாரைப் பராமரிக்கிறார்களோ அவரே அடிக்கிறார், கிள்ளுகிறார், கேட்கத்தகாத சொற்களால் ஏசுகிறார்.

நமது அலுவலகத்திற்கு வீட்டு வசதி மனுவுடன் ஒரு பெண்மணி வந்தார். முன்கையில் கன்றிப்போன அடித்தழும்பு இருந்தது. பலமுறை கேட்ட பின்னரே காரணத்தைச் சொன்னார். அவர் பராமரிக்கும் பெரியவருக்கு மறதி நோய். நாள்தோறும் குளிக்கும் வேளையில் கைத்தடியால் அடிக்கிறார். வீட்டாரிடம் முறையிட்டதற்கு, ‘வாங்குகிற சம்பளத்திற்குப் பொறுத்துப் போகவேண்டியதுதானே’ என்றார்களாம். வேலைக்கு அனுப்பிய நிறுவனமோ, முடியாவிட்டால் வேறு ஆளை அனுப்புவதாகச் சொல்லிவிட்டது.

நாம் மருத்துவர் அல்லர். ஆயினும் பயிர் வாடினால் முதலில் வேரைப் பார்க்கும் வழக்கம் நமக்கு உண்டல்லவா? ஒரு பள்ளி நோட்டில் ஒவ்வொரு நாளும் அடி விழுந்த நேரத்தையும், அதற்குச் சற்று முன் நடந்ததையும் எழுதி வருமாறு சொன்னோம். பத்து நாளில் விஷயம் தெளிவாயிற்று. பெரியவர் தண்ணீர் ஊற்றும்போது அடிக்கவில்லை. பனியனைத் தலைவழியாகக் கழற்றக் கையை உயர்த்தும் கணத்திலேயே அடித்தார். அந்த நோட்டைக் கண்ட மருத்துவர் தோளைப் பரிசோதித்தார். மூட்டு இறுகி, தாங்கொணா வலி இருந்திருக்கிறது. ‘வலிக்கிறது’ என்னும் சொல்லை அப்பெரியவர் மறந்துபோயிருந்தார், கைத்தடியை மறக்கவில்லை. முன்புறம் பொத்தான் உள்ள சட்டையும் வலிக்கு மருந்தும் வந்தபின் அடி பெரிதும் குறைந்தது. முற்றிலும் நின்றுவிட்டதென்று நாம் சொல்லமாட்டோம்.

மறதி நோயில் சினத்திற்குப் பின்னால் பெரும்பாலும் இத்தகைய காரணமொன்று இருக்கும். வலி, மலச்சிக்கல், பசி, காது கேளாமை, முகம் தெரியாதவர் ஆடையைக் களைகிறாரே என்னும் அச்சம், இவை யாவும் அடியாக வெளிப்படும். பலருக்கு மாலை மயங்கும் வேளையில் குழப்பம் கூடும். நமக்குத் தெரிந்த முதிய விவசாயி ஒருவர், அந்தி சாய்ந்ததும் மடை திருப்பப் போகவேண்டுமென்று கதவை உடைப்பார். நிலமோ மனைகளாகி ஆண்டுகள் பல ஆயின. ‘நிலத்தைத்தான் விற்றாயிற்றே’ என்று மகன் தினமும் சொல்வார். பெரியவருக்கு அது தினமும் புதுச் செய்தி, தினமும் புது இழவு. பணிப்பெண் ஒருவர் வந்து, ‘எந்த மடை ஐயா? இந்தப் போகம் என்ன நெல்?’ என்று கேட்கத் தொடங்கினார். அவர் பேசிக்கொண்டே திண்ணையில் அமர்ந்துவிடுவார். இதைப் பொய் என்று சிலர் குறை கூறுவர். நாம் அவ்வாறு கருதவில்லை.

சினம் மூண்டுவிட்டால் வாதாடுவதில் பயனில்லை. பின்னாலிருந்து தொடலாகாது, கையைப் பிடித்து அடக்கவும் கூடாது. இரண்டடி விலகி, முன்னால் நின்று, பெயரையோ முறையையோ சொல்லித் தாழ்ந்த குரலில் ஒரே வாக்கியமாகப் பேசவேண்டும். குளியலை அரைமணி தள்ளிவைத்தால் குடி முழுகிவிடாது. அரிவாள்மனை, கொதிநீர் ஆகியவற்றை முன்னரே அகற்றிவிடுவது நல்லது. வாயிற்படி எப்போதும் பணியாளரின் பக்கம் இருக்கட்டும். அடி ஓங்கினால் வெளியே வந்துவிடுவது கடமை தவறியதாகாது.

ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். நேற்றுவரை அமைதியாக இருந்தவர் ஓரிரு நாளில் திடீரென மூர்க்கமானால் அது குணமன்று. சிறுநீர்த் தொற்று, உடலில் நீர் வற்றுதல், சர்க்கரை தாழ்தல் போன்ற ஆபத்தாக இருக்கலாம். நெடுங்காலம் குடித்தவர் திடீரென நிறுத்தி, இரண்டு மூன்று நாளில் பிதற்றி அடிக்கத் தொடங்கினால் அதுவும் உயிருக்கு ஆபத்தே. மந்திரித்துப் பார்க்கக் காத்திராமல் 108 ஊர்தியை அழையுங்கள். மருந்துக் கடையில் தாமாகத் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுப்பதும் தகாது; தள்ளாடி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தோர் உண்டு.

கட்டிப்போடுவதைப் பற்றியும் கேட்கிறீர்கள். இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓடவியலாமல் 28 பேர் மாண்டனர். மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடலாகாது என 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் விதித்திருக்கிறது. கட்டப்பட்டவர் மேலும் அஞ்சுவார்; அச்சம் மேலும் அடியாகும்.

இத்தனையும் பிணியாளருக்காகச் சொன்னோம். பணியாளர்? நோயின் செயல் என்பதனால் அடி வலிக்காமல் போவதில்லை. அவரை அமர்த்தும் வீட்டார், நோயாளி முன்பு யாரையேனும் அடித்ததுண்டா என்பதை மறையாமல் சொல்லவேண்டும்; இரவுப்பணியில் தனியே விடலாகாது; காயத்திற்கு மருத்துவச் செலவை ஏற்கவேண்டும். தகாத தீண்டலை, நோயாளியே செய்தாலும், நோட்டில் எழுதி வீட்டாரிடம் சொல்லத் தயங்கவேண்டாம். அவ்வீட்டிலுள்ள வேறு ஆடவர் செய்தாலோ பேச்சே வேறு. பணியிடப் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டு வேலை செய்வோரையும் உள்ளடக்கியது. மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவிடம் முறையிடலாம்.

உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரிலிருந்து இப்பணிக்குச் செல்வோர் யார் யார், எந்த ஊருக்குச் செல்கிறார்கள், திரும்பும் நேரம் என்ன என்பதை, அவர்கள் சம்மதித்தால், குறித்து வையுங்கள். மாதம் ஒருமுறை அவர்களைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் கூட்டி, கிராம சுகாதாரச் செவிலியரையும் அழையுங்கள். மனநல ஆலோசனைக்குக் கட்டணமின்றி அழைக்கக்கூடிய 14416 என்னும் எண்ணைச் சுவரில் எழுதுங்கள். முதற் கூட்டத்திற்கு நாம் வருகிறோம். அந்தப் பெண்மணியும் தம் நோட்டுடன் வர இசைந்திருக்கிறார்.