நான்கு சுவருக்குள் ஓர் உலகக் கிண்ணம்

(நூற்றாண்டு நிறைவையொட்டி எமது பாடசாலை மண்டபத்தில் நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



ஒரு டொக்டரை மேடையில் ஏற்றினால் சீனி வருத்தம், பிறஷர் என்றுதான் பேசுவார் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். அதற்கும் வருவோம். அதற்கு முன் விளையாட்டைப் பற்றிப் பேசவேண்டியிருக்கிறது. எங்கள் வகுப்புத் தோழிகள் கூடி எடுத்த ஒரு முடிவைச் சங்கத்தின் முன் வைப்பதற்காக வந்திருப்பதால், இந்த உரை முழுவதிலும் ‘நாங்கள்’ என்றே பேசுகிறோம்.

சுவரில் பந்தடித்து விளையாடும் ஆட்டங்களைப் பற்றியது இது. நாங்கள் படித்த காலத்தில் எங்களுக்குத் தெரிந்தது வலைப்பந்தாட்டமும் எல்லேயும் தடகளமும்தான். இரும்புக் கம்பத்தடியில் வெயிலில் நின்று வலைப்பந்து பழகினோம். பந்து கிடைக்காத நாட்களில் பழைய டென்னிஸ் பந்தொன்றை வகுப்பறைச் சுவரில் அடிப்போம். சுண்ணாம்பு உதிர்கிறதென்று ஏச்சு வாங்குவோம். அதே வேலையை இங்கிலாந்தின் ஹரோ பாடசாலைப் பையன்கள் 19ஆம் நூற்றாண்டில் செய்தார்கள். ஓட்டையான மெல்லிய பந்து சுவரில் பட்டு நசுங்கித் திரும்புவதைக் கண்டு அதையே ஓர் ஆட்டமாக்கினார்கள். அதுதான் ஸ்குவாஷ். அமெரிக்காவில் 1950இல் ஜோ சோபெக் என்பவர் வேறு பந்தும் குட்டையான மட்டையும் வைத்து இன்னோர் ஆட்டத்தை உருவாக்கினார். பின்னாளில் அதற்கு ரக்கெட்போல் என்று பெயர் வந்தது. அதன் முதலாவது உலகச் சம்பியன் போட்டி 1981இல் கலிபோர்னியாவின் சாண்டா கிளாராவில், முதலாவது உலக விளையாட்டு விழாவோடு சேர்த்து நடந்தது. இன்று அந்த ஆட்டத்தின் பெரிய பெயர் மெக்சிக்கோவின் பாவோலா லொங்கோரியா. பெண்தான். ரக்கெட்போல் பெரும்பாலும் அமெரிக்கக் கண்டத்தோடு நின்றுவிட்டது. ஸ்குவாஷ்தான் எங்கள் பக்கம் வந்தது. ஆகவே அதன் கதையைச் சொல்கிறோம்.

ஸ்குவாஷில் பிரித்தானிய பகிரங்கப் போட்டி நெடுங்காலம் உலகப் போட்டியாகவே கருதப்பட்டது. பெண்களுக்கான அந்தப் போட்டி 1922இல் ஆரம்பித்தது. ஆண்களுக்கானது 1930இல்தான். எதிலும் பெண்கள் பின்னால்தான் வந்தார்கள் என்று படித்து வளர்ந்த எங்களுக்கு இது இனிக்கிற செய்தி. அந்தப் போட்டியை அவுஸ்திரேலியாவின் ஹெதர் மெக்கே 1962 முதல் 1977 வரை தொடர்ந்து 16 தடவை வென்றார். ஹொக்கி விளையாட உடலைத் தயார்படுத்தவே அவர் ஸ்குவாஷ் மட்டையை எடுத்தாராம்! பெண்களுக்கான முதலாவது உலகச் சம்பியன் போட்டி 1976இல் பிரிஸ்பேனில் நடந்தபோது அதையும் வென்றார். 1979இல் ஷெபீல்டில் மறுபடியும் வென்றார். அப்போது அவருக்கு வயது 37. அதன்பின் ரக்கெட்போலுக்கு மாறி, அமெரிக்காவிலும் கனடாவிலும் சம்பியன் பட்டங்கள் பெற்றார். ‘இனி என்ன வயசு’ என்று சொல்லும் அக்காமார் இந்தப் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த பெயர் எங்களுக்குக் கொஞ்சம் நெருக்கமானது. மலேசியாவின் பினாங்கில் பிறந்த நிக்கோல் டேவிட். தந்தை இந்திய வம்சாவளியினர், தாய் சீன வம்சாவளியினர். 2005 முதல் 2014 வரையான காலத்தில் எட்டுத் தடவை உலகச் சம்பியன். 2006 ஓகஸ்ட் தொடங்கி ஒன்பது ஆண்டுகள் தரவரிசையில் முதலிடத்தை விட்டு இறங்கவில்லை. உலக விளையாட்டு விழா வரலாற்றின் தலைசிறந்த வீராங்கனையாக 2021இல் வாக்களித்துத் தெரிவு செய்யப்பட்டார். இவ்வளவும் இருந்தும் அவர் ஒலிம்பிக்கில் ஒரு தடவைகூட ஆடவில்லை. காரணம் எளிது, ஒலிம்பிக்கில் ஸ்குவாஷே இருக்கவில்லை. 2023 ஒக்டோபரில் மும்பையில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் குழு 2028 லொஸ் ஏஞ்சல்ஸ் விழாவில் ஸ்குவாஷைச் சேர்த்தது. நிக்கோல் 2019இலேயே ஓய்வு பெற்றுவிட்டார். எங்களுக்கு இது இன்னமும் ஆற்றாமையாகத்தான் இருக்கிறது.

இனிச் சென்னைக்கு வருவோம். ஜோஷ்னா சின்னப்பா 1986இல் அங்கே பிறந்தவர். 14 வயதில் இந்தியத் தேசியச் சம்பியன். 2005இல் பிரித்தானிய கனிஷ்ட பகிரங்கப் போட்டியில் 19 வயதுப் பிரிவை வென்ற முதல் இந்தியப் பெண். அவருக்குப் பின்னால் அதே நகரிலிருந்து தீபிகா பல்லிக்கல் வந்தார். நேரு பூங்கா அருகிலுள்ள ஸ்குவாஷ் அக்கடமியும், சைரஸ் பொஞ்சா, மலேசியாவிலிருந்து வந்த மேஜர் மணியம் ஆகிய பயிற்றுநர்களும் இல்லாவிட்டால் இந்த வரிசை இப்படித் தொடர்ந்திருக்காது. திறமை எங்கும் பிறக்கிறது. ஆனால் சுவரையும் பயிற்றுநரையும் யாரோ ஏற்படுத்திக் கொடுக்கவேண்டியிருக்கிறது.

2014இல் கிளாஸ்கோ பொதுநலவாய விளையாட்டு விழாவில் இவர்கள் இருவரும் இரட்டையர் இறுதியில் இங்கிலாந்தின் ஜெனி டன்கால்ஃப், லோரா மசாரோ ஜோடியை வென்று தங்கம் பெற்றார்கள். பொதுநலவாய விழாவில் இந்தியாவின் முதல் ஸ்குவாஷ் பதக்கமே அந்தத் தங்கம்தான். 2017இல் சென்னையில் நடந்த ஆசியத் தனிநபர் இறுதியில் இருவரும் எதிரெதிரே நின்றார்கள். ஜோஷ்னா வென்றார். 2018 ஜகார்த்தா ஆசிய விழாவின் அரையிறுதியில் அவர் நிக்கோலையே வீழ்த்தினார்.

வெற்றிகளைவிட எங்களைக் கவர்ந்தது வேறொரு விடயம். தேசியச் சம்பியன் போட்டியில் ஆண்களுக்கு ஒரு பரிசுத்தொகை, பெண்களுக்கு அதைவிடக் குறைந்த தொகை. தீபிகா அதை ஏற்கவில்லை. 2012 முதல் 2015 வரை அந்தப் போட்டிக்கே போகாமல் இருந்தார். தொகை சமமாக்கப்பட்ட பின் 2016இல் திரும்பி வந்து பட்டத்தை வென்றார். நான்கு ஆண்டுகள் என்பது ஒரு விளையாட்டு வீராங்கனையின் வாழ்வில் சிறிய காலமல்ல. நாங்களாயிருந்தால் இரண்டாம் ஆண்டே ‘சரி, போகட்டும்’ என்று போயிருப்போம்.

அதே தீபிகா 2021 ஒக்டோபரில் இரட்டைக் குழந்தைகளுக்குத் தாயானார். 2022 ஏப்ரலில், சுமார் ஆறு மாதத்தில், கிளாஸ்கோவில் நடந்த உலக இரட்டையர் போட்டியில் ஜோஷ்னாவுடன் பெண்கள் பட்டத்தையும் சௌரவ் கோஷலுடன் கலப்புப் பட்டத்தையும் ஒரே நாளில் வென்றார். இளந்தாய்மாரே, இதைக் கேட்டு நாளைக்கே ஓடத் தொடங்கிவிடாதீர்கள். பிரசவத்துக்குப் பின் இடுப்பு அடித்தசைகள் வலுப்பெறக் காலம் வேண்டும். சத்திர சிகிச்சை மூலம் பிள்ளை பெற்றவர்களுக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். வைத்தியரிடம் கேட்டு, நடையில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுங்கள். பிள்ளை பெற்றதோடு விளையாட்டு முடிந்தது என்பது மட்டும் மருத்துவம் சொல்லாத ஒன்று.

கடைசியாக 2025 டிசம்பர். சென்னையின் எக்ஸ்பிரஸ் அவெனியூ கடைத்தொகுதிக்குள் கண்ணாடிச் சுவர் எழுப்பி உலகக் கிண்ணப் போட்டி நடத்தினார்கள். இறுதியில் இந்தியா ஹொங்கொங்கை 3-0 என்று வென்றது. முதல் ஆட்டத்தை வென்றவர் 39 வயது ஜோஷ்னா, மூன்றாவதை வென்றவர் 17 வயது அனாஹத் சிங், இடையில் ஆடி வென்றவர் அபய் சிங். சேலைக்கடைக்குப் போன குடும்பங்கள் வழியில் நின்று பார்க்கக்கூடிய இடத்தில் உலகக் கிண்ணம்! ‘நாலு சுவருக்குள்ளே கிட’ என்று பெண்களுக்குச் சொன்னவர்கள் இந்தச் சுவர்களை எதிர்பார்த்திருக்கமாட்டார்கள்.

இனி எங்கள் ஊருக்கு. இலங்கைப் பெண்கள் 2009, 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் வலைப்பந்தில் ஆசியச் சம்பியன்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தர்ஜினி சிவலிங்கத்தை அறியாத பாடசாலை மாணவி இல்லை. ஆனால் எங்கள் வகுப்பில் ஒன்பதாம் ஆண்டில் வலைப்பந்து ஆடிய பன்னிரண்டு பேரில் க.பொ.த. சாதாரண தரம் முடியும்வரை ஆடியவர்கள் இருவர். மற்றவர்களுக்கு ரியூஷன், வீட்டில் தடை, மாதவிடாய் நாட்களில் கூச்சம், ‘வெயிலில் கறுத்துப் போவாய்’ என்ற அறிவுரை. அந்தப் பன்னிரண்டு பேரில் ஐவர் இன்று நீரிழிவுக்கு மாத்திரை எடுக்கிறார்கள். விளையாட்டை விட்டதால்தான் வந்தது என்று சொல்ல எங்களால் முடியாது. பரம்பரை இருக்கிறது, சோறு இருக்கிறது. ஆனால் தசைகள் வேலை செய்தால் இரத்தத்திலுள்ள சீனியை அவை எடுத்துக்கொள்ளும் என்பதும், எலும்பின் வலிமையில் பெரும்பங்கு இருபது வயதுக்கு முன்பே சேர்ந்துவிடும் என்பதும் உறுதியானவை. பதினைந்து வயதில் பிள்ளையை மைதானத்திலிருந்து கூப்பிட்டுக்கொள்வது அந்தச் சேமிப்பைப் பாதியில் நிறுத்துவதுதான்.

நூற்றாண்டு நிதியில் நுழைவாயில் வளைவொன்று கட்டுவது பற்றிப் பேசப்படுகிறது. வளைவு அழகாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. எங்கள் வகுப்பின் வேண்டுகோள் வேறு. மைதானத்தின் பின்புறம் நன்றாகச் சாந்து பூசிய உயரமான சுவரொன்று, அதன் முன் சீமெந்துத் தரை, பத்தாம் ஆண்டுக்கு மேற்பட்ட மாணவிகளுக்கு வாரத்தில் இரண்டு மாலை வரக்கூடிய ஒரு பயிற்றுநர். உலகச் சம்பியன் வேண்டாம், உயர்தரம் முடியும்வரை ஆடினால் போதும். பயிற்றுநரின் முதலாண்டுச் செலவை எங்கள் வகுப்பு ஏற்கும்.

ஒரு நிபந்தனை உண்டு. ஸ்குவாஷ் பந்தின் விட்டம் ஏறத்தாழ 40 மில்லிமீற்றர். பெரிய பந்தைக் கண்குழியின் எலும்பு ஓரளவு தடுக்கும். இந்தச் சிறிய பந்து நேரே கண்ணில் இறங்கிவிடும். பார்வைக்கு அணியும் சாதாரணக் கண்ணாடி உடைந்து இன்னும் கேடு செய்யும். எனவே பொலிகாபனேற்றினாலான கண்காப்புகள் இருபதை முதலில் வாங்கவேண்டும். அவை வந்த பிறகுதான் பந்து.

செயற்குழு அடுத்த கூட்டத்தில் இதை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். எழுத்து மூலமான கோரிக்கையைச் செயலாளரிடம் இன்றே ஒப்படைத்திருக்கிறோம்.