வந்தவரும் இருந்தவரும்

(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

25 ஆண்டுகளாக நம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவும் ஊக்கமும் ஊட்டி வந்த இக்கல்விக் கழகத்தின் வெள்ளிவிழாவில் பேசும் வாய்ப்பினைப் பெற்றமைக்கு நன்றி கூறுகிறோம். அயல்நாட்டிலிருந்து வந்து குடியேறுவோரைப் பற்றிப் பொதுமக்கள் கொள்ளும் எண்ணம் எத்தகையது, அவ்வெண்ணத்தை அரசியல் எவ்வாறு பயன்படுத்திக் கொள்கிறது என்பதே இன்று நமக்குத் தரப்பட்டுள்ள பொருள்.

'கடல் கடந்த நாடுகளின் கதை நமக்கு எதற்கு?' என்று இளைஞர் சிலர் எண்ணக்கூடும். ஊருக்கு வெளியே குடியமர்த்தப்பட்டு, ஊர்க் கிணற்றுக்கும் தேர்வீதிக்கும் அயலாராக நிறுத்தப்பட்டவர்கள் நாம். 'உள்ளே இருப்பவர் யார், வெளியே நிற்க வேண்டியவர் யார்?' என்ற கேள்வியின் கொடுமையை நம்மினும் நன்கறிந்தவர் எவர்? ஆகவே இப்பொருள் நமக்கு அயலானதன்று. நம்மை ஆண்டதும், அண்ணல் அம்பேத்கர் கல்வி கற்றதுமான பிரிட்டன் நாட்டையே சான்றாக எடுத்துக்கொண்டு இதனை ஆராய்வோம்.

அழைப்பும் மறுப்பும்

இரண்டாம் உலகப் போர் முடிந்த வேளையில் பிரிட்டனில் உழைக்கும் கைகள் போதவில்லை. 1948 ஜூன் 22 அன்று 'எம்பயர் விண்ட்ரஷ்' என்னும் கப்பலிலிருந்து மேற்கிந்தியத் தீவுகளைச் சேர்ந்த பல நூறு பேர் டில்பரி துறைமுகத்தில் இறங்கினர். பேரரசின் ஆட்சிக்குட்பட்ட நாடுகளின் மக்கள் பிரிட்டனில் நுழைந்து வாழும் உரிமையை அவ்வாண்டுக் குடியுரிமைச் சட்டம் உறுதி செய்தது. 1956 முதல் இலண்டன் போக்குவரத்து நிறுவனம் பார்படோஸ் தீவுக்கே சென்று ஆள் சேர்த்தது. மருத்துவமனைகளுக்குக் கரீபியத் தீவுகளிலிருந்து செவிலியரும், இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் மருத்துவர்களும் சென்றனர். வார்ப்பட ஆலைகளின் உலை வெப்பத்தில் நின்று பஞ்சாபியர் உழைத்தனர்.

உழைப்பை அழைத்த நாடு, உழைத்தவர்க்கு வீடு தர மறுத்தது. 'அறை வாடகைக்கு உண்டு, கறுப்பருக்கு இல்லை' என்ற பொருள்பட அட்டைகள் சன்னல்களில் தொங்கின. இதனைக் கேட்கையில் 1917-ஆம் ஆண்டுப் பரோடா நம் நினைவுக்கு வருகிறதன்றோ? அமெரிக்காவில் உயர்கல்வி பெற்றுத் திரும்பி, அரசுப் பணியில் அமர்ந்த அம்பேத்கருக்கு அந்நகரில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் தங்கியிருந்தவரைத் தடியேந்திய கூட்டம் வந்து வெளியேற்றியது. நிறம் காட்டி மறுப்பது அங்கே, சாதி கேட்டு மறுப்பது இங்கே. மறுக்கும் மனம் இரண்டிடத்தும் ஒன்றே.

1958-இல் இலண்டனின் நாட்டிங்ஹில் பகுதியில் கறுப்பின மக்களைத் தாக்கிக் கலகம் மூண்டது. 1962-இல் வருகையைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. தாக்கப்பட்டவர்க்குக் காப்பாக ஒரு சட்டம் பிறக்குமுன்னரே, அவர்தம் உறவினர் வரும் வாயிலைக் குறுக்கும் சட்டம் பிறந்துவிட்டது.

பிரிஸ்டல் தரும் பாடம்

இனி, பிரிஸ்டல் நகரில் 1963-இல் நடந்ததைச் சற்று விரிவாகக் காண்போம். அங்குப் பேருந்து ஓட்டவும் பயணச்சீட்டு வழங்கவும் ஆள் பற்றாக்குறை இருந்தது. எனினும் கறுப்பரையும் ஆசியரையும் அவ்வேலைகளில் சேர்ப்பதில்லை எனப் பேருந்து நிறுவனம் முடிவு செய்திருந்தது. இதில் நாம் கூர்ந்து நோக்கத்தக்கது ஒன்றுண்டு. தொழிலாளரைக் காக்க வேண்டிய தொழிற்சங்கத்தின் உள்ளூர்க் கிளையே, நிறத்தவரைச் சேர்க்கலாகாது என 1955-இல் தீர்மானித்திருந்தது. ஏன்? அடிப்படை ஊதியம் குறைவு. கூடுதல் நேர வேலையால்தான் குடும்பம் நடந்தது. புதியவர் வந்தால் அக்கூடுதல் வருவாய் போய்விடும் என்ற அச்சம் அவர்களைப் பற்றியது. ஊதியத்தை உயர்த்துமாறு முதலாளியிடம் போராட வேண்டியவர்கள், தம்மைப் போன்ற ஏழைக்கு எதிராகக் கதவைச் சாத்தினர்.

பால் ஸ்டீபன்சன் என்னும் கறுப்பின இளைஞர் நலப் பணியாளர், தகுதியுள்ள 18 வயது மாணவர் ஒருவருக்கு நேர்காணல் ஏற்பாடு செய்தார். அவர் மேற்கிந்தியர் என்று தெரிந்ததும் நேர்காணல் கைவிடப்பட்டது. ஏப்ரல் 30 முதல் அந்நகரின் மேற்கிந்திய மக்கள் பேருந்தில் ஏறுவதை நிறுத்தினர். வெள்ளையரான பல்கலைக்கழக மாணவர் அவர்களுக்காக ஊர்வலம் சென்றனர். நாடாளுமன்ற உறுப்பினர் டோனி பென் துணை நின்றார். அவ்வாண்டு ஆகஸ்டு 28 அன்று நிறுவனம் பணிந்து நிறத்தடையை நீக்கியது. செப்டம்பரில் ரக்பீர் சிங் என்ற சீக்கியர், அந்நகரின் வெள்ளையரல்லாத முதல் பேருந்து நடத்துநரானார். 1965-இல், பொது இடங்களில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் முதற்சட்டம் பிரிட்டனில் இயற்றப்பட்டது.

நாம் கொள்ள வேண்டிய பாடம் இரண்டு. வெறுப்பு வானத்திலிருந்து விழுவதில்லை. குறைந்த கூலியும், வீட்டுப் பஞ்சமும், நாளையைப் பற்றிய அச்சமும் அதற்கு எருவாகின்றன. ஆகவே அஞ்சுகின்ற ஏழை வெள்ளையனைக் கொடியவன் என ஒதுக்கிவிடுதல் அறிவுடைமை ஆகாது. இது முதற்பாடம். அவ்வச்சத்திற்கு மருந்து, புதியவனை விரட்டுவதன்று, இருவர்க்கும் ஒரே உரிமையை உறுதி செய்வதே என்பது இரண்டாம் பாடம்.

மக்களின் பெயரால் பேசுவோர்

அச்சத்தைத் தீர்ப்பதற்கு மாறாக, அதனை வாக்குகளாக மாற்றிக்கொள்ளும் அரசியலும் உண்டு. 'உண்மையான மக்கள் நாங்களே. உங்கள் துன்பத்திற்குக் காரணம் இதோ இவர்களே' எனச் சுட்டுவிரல் நீட்டுவது அதன் இலக்கணம். 1968 ஏப்ரல் 20 அன்று பர்மிங்காமில் ஈனக் பவல் என்னும் நாடாளுமன்ற உறுப்பினர் ஆற்றிய உரை அதற்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு. அவர் 1960 முதல் 1963 வரை சுகாதார அமைச்சராக இருந்தவர். கடல் கடந்து வந்த செவிலியரின் உழைப்பால் மருத்துவமனைகள் இயங்கிய காலம் அது. அவரே, குடியேறியோரால் நாடு அழியும் என அச்சுறுத்தினார். கட்சித் தலைவர் எட்வர்டு ஹீத் அவரை மறுநாளே பொறுப்பிலிருந்து நீக்கினார். ஆயினும் துறைமுகத் தொழிலாளர் வேலையை நிறுத்தி, அவருக்கு ஆதரவாக நாடாளுமன்றத்திற்கு ஊர்வலம் சென்றனர். கேலப் நிறுவனத்தின் கருத்துக் கணிப்பில் 100-க்கு 74 பேர் அவர் கூற்றை ஏற்பதாகத் தெரிவித்தனர்.

இளைஞர்களே! இந்த 74 என்னும் எண்ணை மனத்தில் இருத்துங்கள். பவல் எதிர்த்தது, வீடு தருவதிலும் வேலை தருவதிலும் நிறம் பார்ப்பதைத் தடுக்கும் சட்ட முன்வரைவை. பெரும்பான்மையோர் அவர் பக்கம் நின்றபோதும் அச்சட்டம் அதே ஆண்டில் நிறைவேறியது. ஊர் முழுவதும் மனமொப்பிய பின்னரே தீண்டாமையை ஒழிக்கலாம் என்று நம் அரசியலமைப்பை வகுத்தோர் காத்திருந்தால், 17-ஆம் பிரிவு இன்றளவும் எழுதப்பட்டிராது. பொதுமக்கள் கருத்து மதிக்கத்தக்கது. எனினும் நீதி அதற்காகக் காத்து நிற்கலாகாது. சட்டம் முன்னே சென்றால், கருத்து மெல்லப் பின்னே வரும். பிரிட்டனிலும் வந்தது. வேற்றினத்தாரைத் தம் குடும்பத்தில் மணமுடிப்பதை எதிர்ப்போர் தொகை 1980-களுக்குப் பின் தலைமுறைக்குத் தலைமுறை குறைந்தது.

1972-இல் உகாண்டாவின் இடி அமீன், ஆசியர்களை 90 நாட்களில் வெளியேறுமாறு ஆணையிட்டபோது, 27,000-க்கு மேற்பட்டோர் பிரிட்டனை அடைந்தனர். 'எங்கள் நகருக்கு வரவேண்டா' என்று லெஸ்டர் நகராட்சி உகாண்டா நாளிதழில் விளம்பரமே கொடுத்தது. எனினும் பலர் அங்கேயே சென்று கடை வைத்தனர், தொழில் தொடங்கினர். 2021 கணக்கெடுப்பில் அந்நகர மக்களுள் 100-க்கு 43 பேர் ஆசிய மரபினர்.

ஆயினும் முன்னேற்றம் நேர்கோட்டில் செல்வதில்லை. 2016 ஜூன் 23 அன்று நடந்த வாக்கெடுப்பில் 100-க்கு 51.9 பேர் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலக வாக்களித்தனர். குடியேற்றம் பற்றிய அச்சம் அதற்கு ஒரு பெருங்காரணம். அயல்நாட்டில் பிறந்தோர் மிகுதியாக வாழும் இலண்டனில் 100-க்கு 60 பேர் விலகலை எதிர்த்தனர். கிழக்கு ஐரோப்பியர் சில ஆண்டுகளுக்குள் திடீரெனப் பெருகிய பாஸ்டன் என்னும் சிற்றூர்ப் பகுதியிலோ 100-க்கு 75 பேருக்கு மேல் விலகலை ஆதரித்தனர். ஆக, அச்சத்தை வளர்ப்பது வந்தவர் தொகை மட்டுமன்று. மாற்றத்தின் விரைவும், அதற்கேற்பப் பள்ளியும் மருத்துவமனையும் வீடும் பெருகாமையும் ஆகும். ஒருங்கு வாழ்ந்து பழகிய இடத்தில் அச்சம் தணிகிறது.

2024 ஜூலை 29 அன்று சவுத்போர்ட் நகரில் மூன்று சிறுமியர் கொல்லப்பட்டனர். கொலையாளி படகில் வந்த அகதி என்ற பொய் சில மணி நேரத்தில் நாடெங்கும் பரவியது. அவன் பிரிட்டனிலேயே, கார்டிஃப் நகரில் பிறந்தவன். உண்மை வெளிவந்த பின்னரும் பள்ளிவாசல்களும் அகதிகள் தங்கியிருந்த விடுதிகளும் தாக்கப்பட்டன. ஆகஸ்டு 7 அன்று, அவ்வெறுப்பினை எதிர்த்துப் பல நகரங்களில் ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கி நின்றனர் என்பதையும் நாம் மறவாது சொல்ல வேண்டும்.

கடல் கடந்தும் சாதி

நமக்கு மிக நெருக்கமான செய்தியை இனிக் கூறுவோம். நிறவெறிக்கு ஆளான இந்தியர், தம் பெட்டியில் சாதியையும் எடுத்துச் சென்றனர். பஞ்சாபின் ஒடுக்கப்பட்ட மக்கள் அங்கும் தமக்கெனத் தனி வழிபாட்டிடங்களை எழுப்ப நேர்ந்தது. 2010-இன் சமத்துவச் சட்டத்தில் சாதியைச் சேர்க்க அரசுக்கு அதிகாரம் தரப்பட்டது. 2013-இல் நாடாளுமன்றம் அதனைக் கடமையாகவே ஆக்கியது. ஆனால் எதிர்ப்பு எழுந்தது. தங்கள் சமூகத்தைக் களங்கப்படுத்துவதாகச் சில இந்திய அமைப்புகள் வாதாடின. 2018-இல் அரசு அக்கடமையைக் கைவிடும் முடிவை அறிவித்தது. இந்தியாவிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டு, நாளொன்றுக்கு 18 மணி நேரம் வேலை வாங்கப்பட்ட பழங்குடிப் பணிப்பெண் ஒருவருக்கு, 2015-இல் தீர்ப்பாயம் ஏறத்தாழ 1,84,000 பவுன் வழங்க ஆணையிட்டது மட்டும் நமக்கு ஆறுதல்.

பன்மைப் பண்பாடு என்பது யாது என்பதை இந்நிகழ்ச்சி தெளிவாக்குகிறது. பல மொழியும் பல உணவும் பல வழிபாடும் அருகருகே வாழ்தல் நன்று. ஆனால் பண்பாடு என்னும் போர்வைக்குள் இழிவை ஒளித்து வைக்க இடந்தரலாகாது. அண்ணல் வலியுறுத்திய சகோதரத்துவம், அவரவர் தெருவில் அவரவர் வாழ்வதன்று. ஒருவரையொருவர் சமமாக ஏற்று வாழ்வதாகும்.

நம் கடமை

இப்போது நம் ஊர்ப் பக்கம் திரும்புவோம். பீகார், ஒடிசா, சார்க்கண்டு மாநிலங்களின் தொழிலாளர் திருப்பூர்ப் பின்னலாடை ஆலைகளிலும், கட்டட வேலைகளிலும், உணவு விடுதிகளிலும் உழைக்கின்றனர். அவர்களுள் ஒடுக்கப்பட்டோரும் பழங்குடியினரும் பலர். 2023 மார்ச்சில், அவர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்க் காட்சிகள் பரப்பப்பட்டு, பலர் அஞ்சி ஊர் திரும்பினர். பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பி விசாரித்தது. பொய் பரப்பியோர் மீது வழக்குகள் பதிவாயின.

'அவர்கள் குறைந்த கூலிக்கு வருவதால் நம் பிழைப்பு கெடுகிறது' என்று நம் இளைஞரே கூறக் கேட்கிறோம். வருத்தத்தில் உண்மை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கூலியைக் குறைத்தவர் யார்? வந்தவரா, வைத்துக்கொண்டவரா? வேற்று மாநிலத் தொழிலாளர்க்கு ஒரே வேலைக்கு உள்ளூர்க் கூலிக்குக் குறையாத கூலி என்ற நெறியை 1979-இலேயே நடுவண் அரசு சட்டமாக்கியது. அந்நெறி எங்கும் நடைமுறையில் நின்றால் அவர் வயிறும் நிறையும், நம் கூலியும் தாழாது. பிரிஸ்டல் தொழிற்சங்கக் கிளை செய்த தவற்றை நாம் செய்யலாகாது.

ஆதலால் இளைஞர்களுக்கு மூன்று சொல்லுவோம். கைப்பேசியில் வரும் செய்தியை ஆராயாமல் அடுத்தவர்க்கு அனுப்பாதீர்கள். வந்தவரை இழிபெயரிட்டு அழைக்காதீர்கள். பெயரிட்டு இழிவுபடுத்தப்படுவதன் வலி நம் பாட்டன்மார்க்குத் தெரியும். அரசுப் பள்ளிகளில் சேர்ந்து தமிழெழுத்துக் கற்கும் அவர்தம் பிள்ளைகளை, இக்கழகத்தின் மாலை வகுப்புகளில் உங்கள் அருகே அமர்த்திக்கொள்ளுங்கள். இக்கழகம் நமக்காகத் தொடங்கப்பட்டது உண்மை. கதவு மறுக்கப்பட்டவர்கள் கட்டிய வீட்டில், வேறொருவர்க்குக் கதவு மறுக்கப்படக் கூடாது என்பதும் உண்மை.

கழகத்தின் பணி ஓங்குக! கல்வி எல்லார்க்கும் ஆகுக!