கடல் கடந்த உத்தியோகம்



படிப்பு முடியும் தறுவாயில் உள்ள இளைஞர் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சிங்கப்பூரில் வேலை கிடைக்கும் போலிருக்கிறது, போகலாமா?" என்பதே அது. ஒன்பது ஆண்டுகள் அந்நகரில் கட்டட வரைபடம் வரைந்து பிழைத்தவன் ஆகையால், எனக்கு விடை தெரிந்திருக்கும் என்று எண்ணுகிறார்கள். போ என்று சொல்வதும் எளிது; போகாதே என்று சொல்வதும் எளிது. அக்கேள்வியை எப்படி எடை போடுவது என்பதே கடினம். அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

பொருள் தேடக் கடல் கடப்பது தமிழர்க்குப் புதிதன்று. 1819ஆம் ஆண்டில் ராபிள்ஸ் சிங்கப்பூருக்கு வந்தபோது பினாங்கிலிருந்து அவருடன் வந்தவர் நாராயண பிள்ளை என்னும் தமிழர். அவர் அங்கே செங்கற்சூளை அமைத்தார். 1827இல் மாரியம்மன் கோவிலுக்கு அடிகோலினார். பிற்காலத்தில் 'ரஜூலா' என்ற கப்பல் நாகப்பட்டினத்திலிருந்து ஆயிரக்கணக்கானோரைத் தளத்தில் ஏற்றிக்கொண்டு சென்றது. ஏறத்தாழ ஒரு வாரப் பயணம் அது. இன்று திருச்சிராப்பள்ளியில் விமானம் ஏறினால் நான்கு மணி நேரத்தில் இறங்கிவிடலாம். காலை உணவை இங்கே உண்டவன் மாலைத் தேநீரை அங்கே பருகலாம். பயணம் இவ்வாறு சுருங்கிவிட்டது. ஆனால் பிரிவின் நீளம் அந்த அளவுக்குச் சுருங்கவில்லை.

அகப்பொருள் நூல்களைப் படித்தவர்கள் 'பொருள்வயிற் பிரிவு' என்பதை அறிவார்கள். தலைவன் பொருள் தேடப் புறப்படுகிறான். புறப்படும் வேளையில் தயங்கி நிற்கிறான். இதனைச் 'செலவழுங்குதல்' என்பர். இந்தத் தயக்கம் போகாமலே இருந்துவிடுவதாகாது என்றும், பிரிவைத் தாங்குமாறு உடனிருப்பவரை ஆற்றுவிப்பதற்காகவே அவன் சற்றுத் தவிர்கிறான் என்றும் தொல்காப்பியர் விளக்குகிறார். எனக்கு மிகவும் பிடித்த இலக்கணம் இது. தயங்கி நிற்பதற்கும் ஒரு பெயர் வைத்து, அதற்கு ஒரு பயனையும் சொன்ன மொழி நம்முடையது! கடல் கடந்தும் செல்வம் தேடச் சொன்ன ஔவையாரின் வாக்கைத் தரகர்கள்கூடச் சுவரொட்டிகளில் அச்சிடுகிறார்கள். தொல்காப்பியரின் தயக்கத்தை அச்சிட அவர்களுக்கு மனம் வருவதில்லை.

இனி ஓர் உண்மையான கணக்கைப் பார்ப்போம். என் தங்கை மகனுக்கு வயது இருபத்துநான்கு. இயந்திரவியலில் டிப்ளமா படித்தவன். கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் மாதம் 28,000 ரூபாய் சம்பளம் பெறுகிறான். செலவு போக வீட்டுக்கு 12,000 அனுப்புகிறான். தந்தை இல்லை. தங்கை ஒருத்தி அடுத்த ஆண்டு கல்லூரியில் சேர வேண்டும். இந்நிலையில் சிங்கப்பூரில் ஒரு கப்பல் பழுதுபார்க்கும் நிறுவனத்தில் 'எஸ் பாஸ்' என்னும் அனுமதியின்கீழ் மாதம் 3,400 வெள்ளி சம்பளத்தில் வேலை என்று ஒரு முகவர் கூறினார். (டாலரை அங்குள்ள தமிழர் வெள்ளி என்றே வழங்குவர்.) முகவர் கேட்ட தொகை ஏழு லட்சம் ரூபாய்.

"மாமா, ஒரு வெள்ளிக்கு 65 ரூபாய் வைத்தாலும் மாதம் இரண்டு லட்சத்து இருபத்தோராயிரம் ஆகிறதே!" என்றான் அவன். முகவரும் அவனிடம் இந்தப் பெருக்கலை மட்டுமே செய்து காட்டியிருந்தார். "பெருக்கல் சரி, இனிக் கழித்தலைச் செய்" என்றேன். இருவரும் தாள் எடுத்து எழுதினோம். பிறருடன் பகிர்ந்து தங்கும் அறைக்கு 600 வெள்ளி. உணவங்காடி நிலையங்களில் நாளொன்றுக்கு 15 வெள்ளி என்று வைத்தால் மாதம் 450. ரயில், பேருந்து, தொலைபேசி ஆகியவற்றுக்கு 150. உடை, மருந்து, எதிர்பாராச் செலவுகளுக்கு 350. வரிக்கு 50. ஆக 1,600 வெள்ளி போக, மிச்சம் 1,800. நம் பணத்தில் 1,17,000 ரூபாய். கழித்த பிறகும் இது இன்றைய சேமிப்பைப்போல் ஒன்பது மடங்குக்கு மேல். இதை மறைத்து, உள்ளூரிலேயே இரு என்று அறிவுரை கூறுவது நேர்மையாகாது. வறுமை கண்ட வீட்டில் இத்தொகை ஒரு தலைமுறையையே மாற்றிவிடும்.

ஆனால் அந்த ஏழு லட்சத்தையும் எழுத வேண்டுமல்லவா? கையில் இல்லை, மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டிக்குத்தான் வாங்க வேண்டும். முதல் மாத வட்டி மட்டும் 14,000. ஈட்டும் மிச்சம் முழுவதையும் கடனுக்கே கொடுத்தால் ஏழாம் மாதத்தில் தீரும். "ஏழே மாதந்தானே, மாமா?" என்றான். ஏழு மாதம் வேலை நிலைத்தால் அப்படித்தான். நான்காம் மாத முடிவில் வேலை போய்விட்டால் என்ன ஆகும் என்றும் கணக்கிட்டோம். அப்போது கடனில் 2,75,000 ரூபாய் எஞ்சியிருக்கும். திரும்பி வந்து பழைய சம்பளத்திலேயே வேலை கிடைத்தாலும், மாதம் 12,000 வீதம் அதை அடைக்க இரண்டரை ஆண்டுக்கு மேல் ஆகும். அவ்வளவு காலமும் தாய்க்கு ஒரு காசும் போகாது. தங்கையின் படிப்பும் நின்றுவிடும். இதை எழுதி முடித்ததும் பையன் நெடுநேரம் பேசவில்லை.

வேலை ஏன் போக வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். அங்கே அயல்நாட்டாருக்குத் தரப்படும் அனுமதி, வேலை கொடுத்த நிறுவனத்தோடு பிணைக்கப்பட்டது. நிறுவனம் நொடித்தாலும் ஆளைக் குறைத்தாலும் அனுமதி ரத்தாகிவிடும். எஸ் பாஸ் ரத்தானவர் பொதுவாக முப்பது நாளுக்குள் வேறு அனுமதி பெற வேண்டும். இல்லையேல் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரிய மத்திய சேமநிதி இவருக்கு இல்லை. இங்கே பட்டறை முதலாளி வருங்கால வைப்புநிதிக்குச் செலுத்தும் பங்கும் நின்றுபோகும். ஆகவே முதுமைக்கான சேமிப்பு முழுவதும் அவன் தலையிலேயே விழும்.

முகவர் கேட்ட தொகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிங்கப்பூர்ச் சட்டப்படி அங்குள்ள முகவர் ஒருவர், ஒப்பந்தத்தின் ஓராண்டுக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில், மொத்தம் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது. என் மருமகன் கணக்கில் அது 6,800 வெள்ளி. நாலரை லட்சத்துக்கும் உட்பட்டது. நம் நாட்டு விதிகளின்படி, பதிவுபெற்ற முகவர் பெறக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியுமே. அதற்கு ரசீதும் தர வேண்டும். முகவரிடம் பதிவெண் கேட்டோம். "அதெல்லாம் பெரிய கம்பெனிக்காரர்களுக்குத்தான், ஐயா" என்று பதில் வந்தது. பேச்சு அதோடு முடிந்தது.

மாணவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இன்னொன்று. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ், பத்தாம் வகுப்புத் தேறாதவர் மலேசியா, தாய்லாந்து, வளைகுடா நாடுகள் உள்ளிட்ட பதினெட்டு நாடுகளுக்கு வேலைக்குச் செல்லுமுன், குடிபெயர்வோர் பாதுகாவலரிடம் அனுமதி பெற வேண்டும் என்று விதிக்கப்பட்டது. அந்தப் பட்டியலில் சிங்கப்பூர் இல்லை. பத்தாம் வகுப்புத் தேறியவருக்குப் பொதுவாக இவ்வனுமதி தேவைப்படவில்லை. படித்தவன் தன்னைத் தானே காத்துக்கொள்வான் என்பது சட்டத்தின் எண்ணம் போலும். ஆனால் 2022ஆம் ஆண்டில் தாய்லாந்தில் கணினி வேலை என்று அழைக்கப்பட்டு, மியான்மரின் மியாவாடிக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடி செய்யுமாறு வதைக்கப்பட்ட தமிழ் இளைஞர்கள் படித்தவர்களே. அவர்களை மீட்க அரசுகள் பாடுபட வேண்டியிருந்தது.

சிங்கப்பூர் அத்தகைய இடமன்று. அங்கே சட்டம் உண்டு. அது நடக்கவும் செய்கிறது. தமிழ் நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்று. முதன்முறை ரயில் நிலையத்தில் தமிழ் எழுத்தைக் கண்டபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. 1935இல் தொடங்கிய 'தமிழ் முரசு' நாளிதழை வாங்கிக்கொண்டு தேக்கா சந்தைப் பக்கம் நடந்தால் அயலூர் என்ற நினைவே வராது. வேலையில் ஒழுங்கு, நேரத்தில் கண்டிப்பு, பாதுகாப்பு விதிகளில் பிடிவாதம் ஆகியவற்றை அங்கேதான் கற்றேன். இந்தப் பேறுகளை வெள்ளிக் கணக்கில் எழுத முடியாது.

எழுத முடியாத இழப்புகளும் உண்டு. கடற்பயணம் பெண்களோடு நிகழ்வதில்லை என்று தொல்காப்பியம் கூறுகிறது. அக்காலத்து வழக்கத்தை இக்காலச் சட்டம் வேறு வகையில் காத்து வருகிறது! சாதாரண வேலை அனுமதிச் சீட்டில் செல்லும் தொழிலாளி மனைவி மக்களை அழைத்துச் சென்று உடன் வைத்துக்கொள்ள இயலாது. எஸ் பாஸ் உடையவரும் மாதம் 6,000 வெள்ளியேனும் சம்பளம் பெற்றால்தான் அழைத்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் சிராங்கூன் சாலைப் புல்வெளிகளில் கூட்டம் கூட்டமாக அமர்ந்து ஊர்க்கதை பேசும் இளைஞர்களைப் பார்த்தவர்களுக்கு இந்த விதியின் பொருள் விளங்கும். 2020ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்று பரவியபோது, அந்நகரில் நோயுற்றவர்களுள் பெரும்பாலோர் தொழிலாளர் விடுதிகளில் இருந்தவர்கள். பல மாதங்கள் அவர்கள் விடுதி வாசலைத் தாண்ட முடியவில்லை. சம்பளமும் மருத்துவமும் தரப்பட்டன என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் நான்கு சுவர்களுக்குள் அடைபட்டிருந்தவனுக்குத் தாயின் குரல் தொலைபேசியில் கேட்பது எவ்வளவு போதும் என்பதை அவன்தான் சொல்ல வேண்டும்.

திருக்குறளில் 'தெரிந்து செயல்வகை' என்ற அதிகாரத்தை உங்களில் பலர் படித்திருப்பீர்கள். ஒரு செயலில் அழிவது எது, ஆவது எது, ஆன பின் வழிவழியாகப் பயப்பது எது என்று மூன்றையும் எண்ணச் சொல்கிறார் வள்ளுவர். நம் இளைஞர்கள் இரண்டாவதை மட்டும் எண்ணுகிறார்கள். வீட்டிலுள்ள பெரியவர்கள் முதலாவதை மட்டும் எண்ணுகிறார்கள். மூன்றாவதை எண்ணுவோர் அரியர். ஐந்து ஆண்டு கழித்து அவன் எந்தத் தொழிலில் தேர்ந்தவனாக இருப்பான்? அங்கே கற்றது இங்கே பயன்படுமா? கப்பலின் இயந்திரத்தைப் பழுதுபார்க்கக் கற்றால் சென்னையிலும் கொச்சியிலும் வேலை உண்டு. துருவைச் சுரண்டவே ஐந்தாண்டும் போனால் பயன் என்ன? சம்பளத்தைவிட இக்கேள்வி பெரிது என்பது என் கருத்து. நீங்கள் உடன்பட வேண்டும் என்பதில்லை.

என் தங்கையிடமும் கேட்டோம். எழுத்து வாசனை குறைந்தவள். ஆனால் எங்கள் தாளில் இல்லாத ஒன்றை அவள்தான் எடுத்துச் சொன்னாள். "அண்ணா, நீங்கள் அங்கே இருந்த நாளில் நம் அம்மா தபால்காரர் வரும் வேளைக்குத்தான் சாப்பிட உட்காருவார், கடிதம் வந்தால் இன்னும் ஒரு கைப்பிடி சோறு கேட்பார். நான் அப்படி இருக்க மாட்டேன். இவன் போகட்டும். ஆனால் கடன் வாங்கிக்கொண்டு போக வேண்டா. கடன்காரன் வாசலில் நின்றால், பிள்ளையிடம் நலம் விசாரிக்கக்கூட எனக்கு வாய் வராது; பணம் எப்போது வரும் என்றுதான் கேட்பேன்" என்றாள்.

அதன் பிறகு அவன் முகவரை விட்டுவிட்டு, அந்நிறுவனத்துக்கு நேரே கடிதம் எழுதினான். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படிகள் எவ்வளவு. தங்குமிடம் யார் பொறுப்பு. வேலையை விடவோ விலக்கவோ எத்தனை நாள் முன்னறிவிப்பு. எந்தப் பிரிவில், எந்த இயந்திரத்தில் வேலை. மருத்துவக் காப்புறுதியில் எவையெல்லாம் அடங்கும் என்று ஐந்து கேள்விகள் கேட்டிருக்கிறான். அந்நாட்டு மனிதவள அமைச்சின் முன் அனுமதிக் கடிதம் கைக்கு வந்து, அதில் எழுதியிருக்கும் சம்பளத்தைத் தன் கண்ணால் படித்த பிறகே விமானச் சீட்டு என்று தாய்க்கு வாக்களித்திருக்கிறான். நிறுவனம் மூன்று கேள்விகளுக்கு விடை அனுப்பியிருக்கிறது. தங்குமிடத்தைப் பற்றியும் முன்னறிவிப்பைப் பற்றியும் இன்னும் ஒன்றும் வரவில்லை. கோயம்புத்தூர் வேலையை அவன் விட்டுவிடவில்லை. கடவுச்சீட்டை மட்டும் வாங்கித் தாயின் பெட்டியில் வைத்திருக்கிறான்.